ஆத்தங்கரையில் கூப்பிட்ட பேர்

கொஞ்சம் தள்ளிக்க தாயி. சன்னலோரம் நீயே இரு, எனக்குக் காத்து ஒத்துக்காது. இந்தப் பையை மட்டும் மடியில வெச்சுக்கிறேன். மேல வைக்கச் சொல்லாத. கண்டக்டர் வந்து சொன்னாலும் வைக்க மாட்டேன்.

சாத்தூர் போறேன். அங்க இறங்கி இருக்கன்குடி. மாரியாத்தாகிட்ட ஒரு வேண்டுதல். நீ கோவில்பட்டி வரைக்குமா? நல்லதாப் போச்சு. ஒரு உபகாரம் பண்ணு, கோவிச்சுக்காத. இந்தப் போனைப் பாத்துச் சொல்லு, மணி அடிச்சாக் கேக்குற மாதிரித்தானே இருக்கு? திருமங்கலத்துல பஸ் ஏறும்போது எதையோ அமுக்கிட்டேனோன்னு பயமா இருக்கு. சரியா இருக்கா? உன் வாய்க்குச் சக்கரை போடணும்.

எம் மக கூப்பிடுவா. அமெரிக்காவுல இருக்கா. முத்துக்கனின்னு பேரு, கனின்னு கூப்பிடுவோம். விசாரணை முடிஞ்சதும் கூப்பிடுறேன்னா. நமக்கு ராத்திரி, அவளுக்குப் பகல். நம்ம பொழுது விடியும்போது அங்க எல்லாம் முடிஞ்சிருக்கணும். இன்னும் கூப்பிடல. ஒரு வாய் காப்பி கூட இறங்கல.

சே, கொலைக் கேசா? நல்லாக் கேட்ட போ! எம் புள்ள எறும்பை மிதிக்க மாட்டா. அவ படிச்ச படிப்பு அப்படி. மானுடவியல்னு சொல்றா. மனுசங்க எப்படி வாழுறாங்க, எதைச் சாமின்னு கும்பிடுறாங்கன்னு கூடவே இருந்து பாத்து எழுதுற படிப்பாம். பக்கத்து வீட்டுக்காரனை எட்டிப் பாத்தா நம்மூர்ல வைவாங்க, அங்க சம்பளம் குடுக்குறாங்க. எங்க வீட்டுக்காரர் இருந்திருந்தா இந்தப் படிப்புக்கு விட்டிருக்க மாட்டாரு. அவரு போய்ச் சேந்துட்டாரு, நான் விட்டுட்டேன்.

அவ இருக்கிற ஊரு நீ சினிமாவுல பாக்குற அமெரிக்கா இல்ல. கட்டடமும் இல்ல, வெளிச்சமும் இல்ல. கிளாமத்துன்னு ஒரு ஆறு. அந்த ஆத்தோரம் யூரோக்குன்னு ஒரு சனம். வெள்ளைக்காரன் வாரதுக்கு முன்னாடியே அங்க இருந்தவங்க. ஆத்துல மீன் பிடிச்சு, புகை போட்டு வெச்சுச் சாப்பிடுறாங்க. அந்த ஆத்துக்கு மேல மலை. மலை பூரா மரம், அண்ணாந்து பாத்தா கழுத்து வலிக்கும், உச்சி தெரியாது. அதுக்குள்ள எந்நேரமும் மூடுபனி. கரடி வரும்னு வேற சொல்லி வெச்சிருந்தா. நான் அங்க போன அன்னைக்கே, பத்து நாள்ல என்னை ஊருக்கு அனுப்பிருடின்னு அழுதேன். கல்யாணப் பேச்சு எடுக்கத்தான் போனேன். அங்க போய்ப் பாத்தா, கல்யாணம் கிடக்கட்டும், இவ உசுரோட திரும்பினாப் போதும்னு ஆயிருச்சு.

அந்த மலைதான் விவகாரமே. அது அவங்களுக்குக் கோயில் மாதிரி. கோயில்னா சுவரு கிடையாது, சிலை கிடையாது. மனசுல பாரம் இருந்தா, இல்ல வைத்தியம் பாக்குறதுக்குச் சக்தி வேணும்னா, மலைமேல தனியாப் போய் இருந்து கேப்பாங்களாம். எந்த இடம், எந்த வழின்னு வெளியாளுக்குச் சொல்ல மாட்டாங்க. இப்ப அந்த மலையில பாதி ஒரு மரக் கம்பெனி கையில இருக்கு. இவங்க திருப்பிக் கேக்குறாங்க. கவர்மெண்டு ஆபீசுல என்ன கேக்குறாங்கன்னா, இது உங்க சாமி இடம்ங்கிறதுக்கு என்ன ஆதாரம், காட்டுங்கறாங்க. காட்டக் கூடாததை எப்படித் தாயி காட்டுறது? அதுக்குத்தான் எம் மக மூணு வருசமா அங்க கிடந்து ஒரு அறிக்கை எழுதுறா. அந்த அறிக்கை நின்னாத்தான் மலை நிக்கும்.

கள்ளிக்குடி வந்துருச்சா? போன் அடிக்கலையே? சரி.

அவ தங்கியிருந்தது டெல்லான்னு ஒரு பொம்பளை வீட்டுல. என் வயசுதான் இருக்கும். அவளும் தனி ஆளு, நானும் தனி ஆளு. ஒருத்தி பாசை ஒருத்திக்குத் தெரியாது. ஆனாலும் அடுப்படியில எங்களுக்குள்ள சண்டை வராத நாளே இல்ல. நான் மிளகாயைத் தாளிச்சா அவ கதவைத் திறந்து போட்டுட்டு இருமுவா. அவ மீனைப் பொகைக்குள்ள தொங்க விட்டா நான் மூக்கைப் பொத்திக்குவேன். அப்புறம் ரெண்டு பேரும் சிரிச்சுக்குவோம்.

டெல்லாவுக்கு ஒரு அண்ணன். பேரு கேக்காத. சொல்ல மாட்டேன். ஏன்னு பின்னாடி சொல்றேன்.

பாத்தா உனக்குக் குலை நடுங்கும். ஆளு அம்புட்டு உசரம், பின்னல் போட்ட முடி, கையெல்லாம் மீன் வெட்டின தழும்பு. அவரு கூடத்தான் கனி மலைக்குப் போவா. வயசுப்புள்ளையைக் கரடிக் காட்டுக்குள்ள ஒரு ஆம்பளை கூட அனுப்பிட்டு, வாசல்ல உக்காந்து நான் பட்ட பாடு அந்த மாரிக்குத்தான் தெரியும். பொழுது சாயுறதுக்குள்ள கொண்டாந்து விட்டுருவாரு. விட்டுட்டு, என்னைப் பாத்து ஒரு கும்பிடு. கனிதான் சொல்லிக் குடுத்திருக்கா. அப்புறம் உக்காந்து என் ரசத்தை டம்ளர்ல ஊத்திக் காப்பி மாதிரிக் குடிப்பாரு. என்னைத் தங்கச்சின்னுதான் கூப்பிடுவாராம், அவங்க பாசையில. கூடப்பொறந்தவன் இல்லாதவ நான். அந்த ஒரு வார்த்தைக்காகவே தினமும் ரசம் வெச்சேன்.

அவருதான் கனிக்கு அந்த மலையைப் பத்திச் சொன்னது. ஆபீசுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு எழுதிக்கன்னு சொல்லியிருக்காரு. மத்ததை மனசுல வெச்சுக்கன்னுட்டாரு. வேற யாரும் வாயே திறக்கலை, இவரு ஒருத்தருதான்.

அவரு போயிட்டாரு தாயி. ஒரு காலையில மீன் வலையை இழுத்துக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சைப் பிடிச்சிட்டுப் படகுல உக்காந்தாரு. அவ்வளவுதான்.

சொந்தக்காரங்க எல்லாம் வந்தாங்க. வந்து என்ன பண்ணுனாங்கன்னு நினைக்கிற? சும்மா உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் வாய்ல ஒரு சத்தம் இல்ல. ஒரு பொம்பளை தலைமாட்டுல உக்காந்து அழுவோம்னு இல்ல. எழவு வீட்டுல இப்படியா இருப்பாங்க? அந்த மனுசன் அனாதையா? தங்கச்சின்னு என்னை வாய் நிறையக் கூப்பிட்டவருக்கு, அழுறதுக்கு ஒரு ஆளு இல்லாமப் போகணுமா? நீயே சொல்லு, உனக்கு மனசு கேக்குமா?

நான் போய் உக்காந்தேன். முடியை அவுத்து விட்டேன். மாருல அடிச்சிக்கிட்டு ஆரம்பிச்சேன். மீனு காயப் போட்ட இடமெல்லாம் உன்னைத் தேடுதே அண்ணே, படகு கட்டின கயிறு உன்னைக் கேக்குதே அண்ணேன்னு. நம்ம ஊர்ல எங்க அம்மா அழுதா தெருவே கூடும், அந்தத் தொண்டை எனக்கு. ஒவ்வொரு அடிக்கும் அவரு பேரைச் சொல்லிச் சொல்லி, எந்திரிச்சு வாயேன், எந்திரிச்சு வாயேன்னு கூப்பிட்டேன்.

நிமிந்து பாக்குறேன், டெல்லா காதைப் பொத்திக்கிட்டு வெளிய போறா. ஒரு கிழவர் சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டாரு. கனி பேயறைஞ்ச மாதிரி நிக்கிறா. எங்கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி, அம்மா, என்னம்மா பண்ணிட்டன்னா. அவ அப்படி ஒரு குரல்ல பேசி நான் கேட்டதே இல்ல.

செத்தவங்க பேரைச் சொல்லக் கூடாதாம் தாயி. எல்லாரும் இப்ப அப்படி இல்லையாம், இந்தக் குடும்பம் விடாமப் பிடிச்சிட்டு வாராங்க. போற ஆளு நிம்மதியாப் போகணும். பேரைச் சொன்னா திரும்பிப் பாப்பாரு, கால் தயங்கும். இருக்கிறவங்களுக்குப் புண்ணுல குத்துற மாதிரி. அது சின்னத் தப்பு இல்லையாம், அந்த வீட்டுக்கே செஞ்ச அநியாயமாம். நானோ பேரைச் சொன்னதோட நிக்கல. எந்திரிச்சு வான்னு வேற கூப்பிட்டிருக்கேன்!

அன்னைக்கு இருந்து ரெண்டு நாளு பனி விலகவே இல்ல. அவரு வளத்த நாய் ஆத்தைப் பாத்து உக்காந்துக்கிச்சு, சோறு வெச்சாத் திரும்பல. மறுநாள் கனிக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்குது. எனக்குத் தெரியும், அவருதான் வந்துட்டாருன்னு. நான் கூப்பிட்டேன், வந்துட்டாரு. ரசம் குடிக்கிற டம்ளரைக் கழுவக் கூட நான் தொடலை. அண்ணே, நல்லபடியாப் போயிட்டு வான்னு மனசுக்குள்ள சொல்றேன், அதுலயும் வான்னு வருது! பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போ, போன்னேன்.

நான் கேக்குறேன், பேருன்னு ஒண்ணு எதுக்கு வெக்கிறது? கூப்பிடத்தானே? கூப்பிட்டா என்ன குடி முழுகிப் போச்சு? கனிகிட்ட இதைத்தான் சண்டை போட்டேன்.

அவரு அக்கா மகன் ஒருத்தன், தொப்பி போட்டுக்கிட்டு வாசல்ல வந்து நின்னான். இங்கிலீசுல பைய்யப் பேசினான். அந்த வீட்டுச் சுவத்துல துப்பாக்கி தொங்கும், எனக்குக் கண்ணு அதுமேலதான். நான் கனிக்கு முன்னாடி போய்க் கையை விரிச்சு நின்னுட்டேன். சுடுறதா இருந்தா என்னைச் சுடுன்னு தமிழ்லயே சொன்னேன். அவன் தொப்பியை எடுத்துட்டு எனக்குத் தலை குனிஞ்சிட்டுப் போயிட்டான். அப்புறம் பாத்தா, அவன் சொன்னது என்னன்னா, மாமா சொன்னது எதையும் அறிக்கையில போடாத, பதிவு பண்ணினதைக் குடுத்துருன்னு. கனி சுவத்துல சாஞ்சு உக்காந்துட்டா. அது போனா அறிக்கையே இல்ல. மூணு வருச உழைப்பும் போச்சு, அந்தச் சனத்துக்கு மலையும் போச்சு.

விருதுநகரா இது? இந்தா, கொஞ்சம் தண்ணி குடி. நானும் குடிச்சுக்கிறேன். நாக்கு ஒட்டிக்கிச்சு.

தீக்க வழி இருக்கான்னு கேட்டேன். இருக்காம். ஒரு தப்பு பண்ணினா, பாதிச்சவங்களுக்கு மதிப்பான பொருளு குடுத்துத் தீத்துக்கணும். அவங்க வாங்கிக்கிட்டா முடிஞ்சுது. மனசுல பிடிச்சதாத்தான் இருக்கணும், சும்மா கடையில வாங்கினது ஆகாது. என்கிட்ட என்ன இருக்கு? ரெண்டு வளையல். எங்க வீட்டுக்காரர் கைத்தறிச் சொசைட்டியில முதல் போனஸ் வாங்கினப்போ போட்டது. அதுல ஒண்ணைக் கழட்டினேன். சோப்புப் போட்டுத்தான் கழண்டுச்சு, அம்புட்டு வருசமாச்சு கழட்டி.

டெல்லா முன்னாடி போய் நின்னேன். வளையலை நீட்டினேன். கனி சொன்னா, இது எங்க அப்பா அம்மாவுக்குப் போட்டதுன்னு. டெல்லா வாங்கல. என் மூஞ்சியையே பாத்துட்டு ஏதோ கேட்டா. உன் வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேக்குறாம்மான்னா கனி.

ச்சீ, நான் எப்படித் தாயி சொல்வேன்? கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து அவரு பேரு என் வாயில வந்ததே இல்ல. கனியைப் பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயி, கடைசியில அந்தப் பொடிசுதான் சொன்னா. அவரு போனப்புறம் சொல்லலாம்னாங்க. நாக்கு திரும்பணுமே! டெல்லாகிட்ட மயிலைக் காட்டுற மாதிரிக் கையை ஆட்டினேன், வேல் பிடிக்கிற மாதிரிக் காட்டினேன். கனியைச் சொல்லச் சொன்னேன், அவ சொல்லாம என்னையே பாத்துட்டு நிக்கிறா. அப்புறம் டெல்லாகிட்ட என்னமோ விளக்கினா.

டெல்லா சிரிச்சா. அண்ணன் போனதுக்கப்புறம் முதல் தடவையா. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு. கையை நீட்டி வளையலை வாங்கி அங்கேயே மாட்டிக்கிட்டா. என்னத்துக்குச் சிரிச்சான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் புரியல. என் மயிலு ஆட்டத்தைப் பாத்துச் சிரிச்சிருப்பா.

அதோட தீந்துச்சு. தீந்துச்சுன்னா தீந்துச்சுதானாம், அதுக்கப்புறம் அந்த விசயத்தை யாரும் எடுக்கக் கூடாது, வாயைத் திறந்து பேசினா...

அய்யய்யோ. நான் உங்கிட்டப் பேசிக்கிட்டு வாரேனே!

தாயி, நீ காதுல வாங்கிக்காத. நீ யாரோ நான் யாரோ, பஸ்ல வந்தவ. இதெல்லாம் காத்தோட போயிரும், இல்ல? அம்புட்டு தூரம் கேக்காது. கேக்குமா? ஒருத்தருகிட்டயும் சொல்லாம இத்தனை மாசம் வெச்சிருந்தேன். அந்தப் போன் வராத பயத்துல உளறிட்டேன்.

சரி, சொன்னது சொன்னதுதான். பாதியில விட்டாலும் பாவம்தான். இன்னைக்கு நான் ஏன் பயப்படுறேன்னு சொல்லிடுறேன்.

டெல்லா கனிகிட்டச் சொன்னாளாம், அண்ணன் சொன்னதையெல்லாம் போட்டுக்க, பேரை மட்டும் போடாத, அவரு போயி வருசம் திரும்பட்டும்னு. கனியும் சத்தியம் பண்ணிட்டா. அந்த அறிக்கை மேலதான் நேத்து விசாரணை. கம்பெனி வக்கீலு கேக்கப் போறது எங்களுக்கு முன்னாடியே தெரியும். இதை உனக்குச் சொன்னது யாரு? பேரில்லாத ஆளு சொன்னதை எப்படி எடுத்துக்கிறது? பேரைச் சொல்லலேன்னா அறிக்கை செல்லாது. சொன்னா, சொந்தம் மாதிரி இருக்கிற அந்த வீட்டுப் படியை இனிமே மிதிக்க முடியாது. முந்தாநாள் பேசும்போது கேட்டேன், என்னடி பண்ணப் போறன்னு. தெரியலம்மான்னா. என் புள்ளை தெரியலன்னு சொல்ற ஆளே இல்ல. அதான் ஆத்தாகிட்டப் போறேன். ஒரு பக்கம் அந்த ஆபீசு, ஒரு பக்கம் அந்த அண்ணன். ரெண்டு பேருகிட்டயும் எம் புள்ளையைக் காப்பாத்திக் குடுன்னு.

தாயி! அடிக்குது! போன் அடிக்குது! நீ எடு. பச்சையைத் தள்ளு. தள்ளிட்டியா? குடு, குடு.

கனி? கனி, நல்லா இருக்கியாடி? ஏன்டி அழுற? உன்னைப் பிடிச்சு வெச்சிருக்காங்களா? இல்லையா? சத்தியமா இல்லையா? சொல்லு, கேக்குது. பஸ்ல இருக்கேன், ஆமா. உம். உம். கேட்டானா. நீ? நீ சொல்லலையா. உம். ரெண்டாம் தடவையுமா? அப்புறம்? யாரு? யாருடி எந்திரிச்சது? ஆத்தாடி...

எங்க இருக்கா இப்ப? கார்லயா? நீ பக்கத்துல இரு. போகாத. அவ கதவைத் திறக்கிற வரைக்கும் அங்கேயே நில்லு. சாப்பாடு எல்லாம் அப்புறம் பாக்கலாம். வெச்சிரு. வெச்சிரு கண்ணு.

கொஞ்சம் இரு தாயி. மூச்சு வாங்கிக்கிறேன்.

அவ சொல்லல. எம் மக சொல்லல. வக்கீலு கேட்டானாம், இவ பேசாம நின்னாளாம். திரும்பக் கேட்டானாம். அப்பவும் நின்னிருக்கா. அப்ப இந்த அறிக்கையைத் தள்ளி வெச்சிரலாமான்னு அவன் கேக்கவும், பின்வரிசையில டெல்லா எந்திரிச்சாளாம். சட்டைக் கையை மேல ஏத்தி விட்டாளாம், என் வளையலு தெரியுதாம். அண்ணன் பேரை அவளே சொல்லிட்டாளாம் தாயி. முழுப் பேரும். அவங்க அப்பா பேரோட சேத்து, சத்தமா. என் அண்ணன்தான் சொன்னான், எழுதிக்கன்னுட்டு, யாரையும் பாக்காம வெளிய போயிட்டாளாம். கார்ல ஏறிக் கதவைப் பூட்டிக்கிட்டு உக்காந்தவ, இன்னும் இறங்கல. சொந்தக்காரங்க எல்லாம் காரைச் சுத்தி நிக்கிறாங்களாம், ஒருத்தரும் பேசல. கனியும் அங்கதான் நிக்கிறா. அதான் போன் வரல.

அறிக்கையை எடுத்துக்கிட்டாங்களாம். மலைக்குத் தீர்ப்பு இனிமேதான்.

எம் புள்ளை தப்பிச்சா. சந்தோசப்படணும்ல நான்? பயம் போகணும்ல? போகலையே தாயி. நான் பேரைச் சொன்னேன், டெல்லாவுக்கு வளையலைக் குடுத்துத் தீத்தேன். அவ சொன்னதுக்கு அவ யாருகிட்டக் குடுத்துத் தீப்பா? அண்ணனுக்குத்தான் குடுக்கணும். அவருகிட்ட எப்படிக் குடுப்பா? அந்தக் கதவைப் பூட்டிக்கிட்டு அவ என்ன பண்ணிக்கிட்டு இருக்கா?

சாத்தூர் பாலம் தெரியுதா? எந்திரிக்கணும், கையைக் குடு. இந்தப் பையை மேல வைக்க மாட்டேன்னேன்ல, இதுல என்ன இருக்கு தெரியுமா? அந்தச் சோடி வளையலு, மத்தது. மஞ்சத் துணியில முடிஞ்சு வெச்சிருக்கேன். கனி பேருக்கு உண்டியல்ல போடுறதா நேந்துக்கிட்டுத்தான் வந்தேன். கனிக்கு வேணாம், அவளுக்கு நான் இருக்கேன். இதை டெல்லாவுக்காகப் போட்டுருறேன். அவ அண்ணனுக்குச் சேர வேண்டியதை ஆத்தா சேத்துக்கட்டும்.

அர்ச்சனைத் தட்டை வாங்கும்போது பூசாரி கேப்பாரு, யாரு பேருக்குன்னு. டெல்லான்னு சொல்லலாம்ல தாயி? நல்லா யோசிச்சுச் சொல்லு. அவ பேரைச் சொல்லலாம்ல? அவ உசுரோடதானே இருக்கா?